வெயில் நாளில் அடித்த தண்டவாளம்

தம்பி,

இதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிப்பா" என்பாய், நடுவில் உங்கம்மா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா ராசா" என்று கேட்பாள், அதோடு விஷயம் முடிந்துவிடும். போன கிழமை அப்படித்தான் முடிந்தது. உங்கள் முதல் ஆல்பத்திலிருந்து அந்த முதல் பாட்டை எடுத்துவிடு, எடுக்காவிட்டால் வீட்டுப் பக்கம் வராதே என்று கத்தினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எடுத்தும்விட்டாயாம். உங்கள் பேண்டில் கிட்டார் அடிக்கிற கசுன் சொன்னான். ஒன்பது பாட்டு இருந்த இடத்தில் இப்போது எட்டு, வருகிற வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் முடித்துக் கொடுக்கிறோம் அங்கிள் என்றான். அழகான தமிழ் பேசுகிறான் அந்தச் சிங்களப் பையன். நான்தான் இன்னும் கோபத்தில் இருந்தேன், அவனோடு அழகாகப் பேசவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் ஒன்று அனுப்புகிறேன். அப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பாய். கடைசிவரை படி, தெரியும்.

பத்திரிகையில் படிக்கிறவர்களுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். நான் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி. இருபத்திரண்டு பெண்கள், உங்கம்மாவும் சேர்த்துத்தான், விடிந்ததும் பால் வெட்டுவார்கள். மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டும். பதினொரு மணி போல வாளியோடு போய் எடுப்பார்கள். இடையில் மழை வந்தால் சிரட்டைப் பால் எல்லாம் தண்ணீரோடு மண்ணுக்குப் போய்விடும். அதனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். வானத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களில் ஜோசியக்காரனுக்கு அடுத்தபடி நான்தான் என்று உங்கம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். பலாமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. யட்டியாந்தோட்டைக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது என்பதற்கு எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அது. அதை மும்மூன்றாக, வேகமாக அடித்தால் அது மழை அடி. கேட்ட உடனே எல்லாரும் பாலை எடுக்க வேண்டும், எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. முந்தி அடித்தால் பாதிப் பால் மரத்திலேயே நின்றுவிடும், பிந்தி அடித்தால் எல்லாமே போய்விடும். இருபது வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் மானம் மரியாதை தொங்குகிறது.

நீ பாட்டுக்காரன் ஆவாய் என்று நான் நினைக்கவே இல்லை. உன்னைக் கொழும்புக்கு அனுப்பியது எலெக்ட்ரிக் சாமான் கடையில் வேலைக்கு. ஆறு வருஷத்தில் நீ அங்கே ஒரு பழைய கீபோர்டைப் பழுதுபார்த்து, அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நீயே வாங்கி, அதைச் சுற்றி மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டாய். என்ன மாதிரிப் பாட்டுடா என்றேன். "நியூ வேவ் ராக்குப்பா" என்றாய். புது அலையாம். மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் குந்தினால்தான் கடலே கண்ணில் படும் ஊரில் பிறந்தவனுக்கு எல்லா அலையும் புதுசுதானே என்று உங்கம்மாவிடம் சொன்னேன். பேண்டுக்கு வைத்த பேரைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. 'ஒட்டுப்பால்'. பால் எடுத்த பிறகு மரத்தில் சொட்டிக் காய்ந்து, வழித்தெடுத்தால் மூக்கைப் பொத்தவைக்கிற அந்தச் சாமானின் பேரை எவனாவது பாட்டுக்கு வைப்பானா? முதலில் இரண்டு பாட்டு அனுப்பினாய். டிரம்ஸ் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடுகிறது. அதற்கு மேலே உன் கீபோர்ட், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற த்ரீவீலர் மாதிரிக் கூவுகிறது. நீயோ அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு வந்தவர்கள் பேர் வாசிக்கிற மாதிரிப் பாடுகிறாய். "கொஞ்சம் உருகிப் பாடேன்டா" என்றால், "உருகக்கூடாதுப்பா, அதுதான் ஸ்டைல்" என்கிறாய். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாலாவது தடவை கேட்டபோது என் கால் தானாக ஆடியது. உங்கம்மா பார்த்துவிட்டாள். நுளம்பு கடிக்குது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் ஒரு போயா நாளில், பௌர்ணமி லீவில், வந்து தண்டவாளத்தைப் பதிவு பண்ண வேண்டும் என்று நின்றாய். வேலை நாளில் மழை அடியைச் சும்மா அடிக்க முடியாது, அதனால் போயாவுக்கு வா என்று சொன்னதும் நான்தான். மைக்குக்குப் பூனைக்குட்டி மாதிரி ஒரு ரோமச் சட்டை போட்டுக் கொண்டுவந்தாய். நான் இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய், நெற்றியில் திருநீறு என்று போய் நின்றேன். "அப்பா, சத்தம் மட்டும்தான் எடுக்கிறேன், படம் இல்ல" என்றாய். இருக்கட்டுமே, சத்தத்திலும் ஆள் தெரியும். நாற்பது தடவை அடிக்கவைத்தாய். ஒவ்வொரு தடவையும் "சூப்பர்ப்பா, இன்னும் ஒண்ணு" என்றாய். என் வாழ்க்கையில் யாரும் என்னை ஒரே காலையில் நாற்பது தடவை பாராட்டியதில்லை. அதை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

வினை வந்தது ஆல்பம் முழுசாக என் போனுக்கு வந்த மறுநாள். எனக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. கோயிலில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த பையன்களிடம் வேலைக்குப் போகிற வழியில் போனைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். "கொழும்புல ஸ்டூடியோவுல எடுத்தது, நம்ம பையனோட முதல் ஆல்பம், போட்டுப் பாருங்கடா" என்று ஒரு பெருமை அடித்துவிட்டுப் போனேன். எட்டரை மணிக்கு ஏழாம் நம்பர் மலையில் நிற்கிறேன். கேட்கிறது மழை அடி. மும்மூன்றாக, அருமையான அடி. எந்தக் குடிகாரன் என் தண்டவாளத்தைத் தொட்டான் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அந்த அடியைக் கேட்டால் சந்தேகமே வராது, அவ்வளவு அனுபவப்பட்ட கை. நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே "எடுங்க, எடுங்க, பாலை எடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறேன். இருபத்திரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பாய்கிறார்கள். என் கையால் நான் அடித்த சத்தத்தை நம்பி நானே ஓடுகிறேன், தம்பி. ஆளுக்கு நாலைந்து சிரட்டை வாளிக்குள் கவிழ்ந்த பிறகுதான் அந்தத் தையல் மெஷின் டிரம்ஸ் ஆரம்பித்தது, எங்கள் கூச்சலைக் கேட்டுப் பையன்கள் அதோடு பாட்டை நிறுத்திவிட்டார்கள். மாரியாயி அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க கங்காணி, இன்னைக்கு மழை மேளதாளத்தோட வருதா?"

அரை மணித்தியாலத்தில் பீல்ட் ஒபிசர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கங்காணி, வெஸ்ஸ கோ?" என்றார். மழை எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் ஆறு வருஷத்துக்கு முன்னும் ஒருமுறை, அதே குரலில், இதே மாதிரி ஒரு வெயிலில் கேட்டிருக்கிறார். கோயிலுக்கு நடந்தோம். என்ன சத்தம் என்று போட்டுக் காட்டச் சொன்னார். பையன்கள் பாட்டை முதலிலிருந்து போட்டார்கள். தண்டவாளம் அடித்தது. "ஹா" என்று சிரித்துவிட்டார் ஐயா. நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்று நினைத்த நேரத்தில்தான் நீ பாட ஆரம்பித்தாய்.

மேகம் இல்லை, மழை இல்லை, அப்பா அடித்தார்.
அம்மா ஓடி வந்தாள். பஸ் வரவில்லை.

உருகாமல், அழாமல், பேர் வாசிக்கிற மாதிரி, கோயில் ஸ்பீக்கரில், நாலு மலைக்கும் கேட்க. ஐயா காலால் தாளம் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். எவ்வளவு கொஞ்சம் என்பது எனக்குத் தெரியாது, அதுதான் வேதனை. 'அப்பா' தெரியும், 'மழை' தெரியும். 'மேகம்' தெரியுமா? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பாட்டு முடிந்ததும் என் தோளில் தட்டி, "ஹொந்தாய், கங்காணி" என்றார். நல்லா இருக்காம். மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் நேராகப் பலாமரத்தடிக்குப் போய் உனக்குப் போன் போட்டு, வாளியோடு வந்த உங்கம்மா போனைப் பிடுங்கும்வரை கத்தினேன்.

இப்போது ஊருக்குச் சொல்ல வேண்டியது. நீ கொழும்புக்குப் போன அன்றைக்கு நடந்தது இது. உனக்குப் பஸ் பத்தரைக்கு. லீவு எடு என்று உங்கம்மாவிடம் சொன்னேன். "லீவு எடுத்தா அழுதுக்கிட்டே இருப்பேன், வெட்டப் போறேன், பதினொண்ணுக்கு முடிச்சிட்டு ஓடியாந்தா பஸ் எப்படியும் லேட்டாத்தான் வரும்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்பதரைக்கு நான் பலாமரத்தடியில் நிற்கிறேன். வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. பஸ் ஒரு நாளைக்காவது நேரத்துக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரே யோசனை. கையில் இரும்புக் கம்பி இருந்தது. அடித்துவிட்டேன். மும்மூன்றாக. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். ஐயா வந்து கேட்டபோது, கினிகத்தேனைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது, காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். நம்பினார். உங்கம்மா பால் தெறித்த சீலையோடு ரோட்டுக்கு ஓடிவந்தாள். நீ மட்டும் என்னைப் பார்த்தாய், வானத்தைப் பார்த்தாய். அப்புறம் நாம் மூன்று பேரும் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தோம். பஸ் பன்னிரண்டு மணிக்கு வந்தது. நான் அடிக்காமலே இருந்திருக்கலாம்.

உங்கம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. சொல்லாததால் வந்த கூத்தைக் கேள். தன் மகனை வழியனுப்பவைக்க முனியாண்டிதான் மேகத்தை அனுப்பி, அப்புறம் மழை பெய்யாமல் கலைத்தும் விட்டது என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள். அதே நாளில் வருஷா வருஷம் ஒரு தேங்காய் உடைக்கிறாள். தேங்காயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறது யார்? நான்தான். சாமி முன்னால் நின்று முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஆறு வருஷம் நின்றிருக்கிறேன். உன்னோடு கத்திய அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் அவளிடம் சொல்லிவிட்டேன். அடுப்பில் ரொட்டி கருகியது, அவள் திருப்பவில்லை. "அப்போ முனியாண்டி ஒண்ணும் பண்ணலையா?" என்றாள். "இல்ல." "எல்லாம் நீங்க தானா?" "ஆமா." விரலை மடக்கி எண்ணினாள். பிறகு, "யோவ், ஆறு தேங்காய்! ஆறு நாள் சம்பல் இடிச்சிருப்பேனே!" என்று கரண்டியைத் தூக்கினாள். நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "இதைப் போய்ப் பாட்டுலருந்து எடுக்கச் சொன்னீங்களா? எனக்காக நீங்க செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது. அதையும் மறைக்கிறீங்க!"

கல்யாணம் ஆகாத உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்காதே. ஒருத்திக்காக ஒரு காரியம் செய்தால், அது நல்லதோ கெட்டதோ, அவளிடம் அன்றைக்கே சொல்லிவிடு. சாமி தலையில் கட்டாதே.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். ஐயா வருவதற்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தி, ஆறு வருஷத்துக்கு முன் இந்த மாதிரி ஒரு நாள் நான் மழை இல்லாமல் அடித்தேன், உங்கள் எல்லார் வாளியும் அன்றைக்கு என்னால்தான் பாதியாகப் போனது என்று சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். மாரியாயி அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "மேகம் இல்லேன்னு தெரியாமத்தான் எடுத்தோம்னு நெனச்சீங்களா கங்காணி? எங்க கண்ணு என்ன பொட்டையா?"

"பின்ன ஏன் எடுத்தீங்க?"

"ஒங்க வீட்டுக்காரி அழுதுக்கிட்டே வெட்டிக்கிட்டு இருந்தா. ரெண்டு மரத்துல பட்டையைத் தாண்டிக் கத்தியை எறக்கிட்டா. இன்னும் அரை மணித்தியாலம் விட்டிருந்தா மரத்தையே சாச்சிருப்பா. நீங்க அடிக்கலேன்னா நாங்களே அவ சிரட்டையைக் கவுத்து அனுப்பியிருப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். உங்கம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். இதோடு நான் நிறுத்தியிருந்தால் இது நல்ல கடிதம். "தம்பி, பாட்டைத் திருப்பிப் போடு, ஊரே மன்னித்துவிட்டது" என்று முடித்து, கீழே 'அப்பா' என்று எழுதிவிடலாம். அப்படித்தான் முதலில் எழுதவும் நினைத்தேன்.

ஆனால் ஒருத்தி சிரிக்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் வெட்டுகிற அம்மா அவள். தன் பேரை எழுத வேண்டாம் என்றாள், எழுதவில்லை. வரிசையில் கடைசியில் நின்றபடியே சொன்னாள். "எம் புள்ள குவைத்துக்குப் போனப்போ நான் வந்து கேட்டேனே கங்காணி. கொஞ்சம் முன்னாடி எடுத்துட்டுப் போகட்டுமான்னு. பாலை எடுத்துட்டு நேரத்துக்குப் போன்னு சொன்னீங்க. மரத்தடியில நின்னு பஸ்ஸு போற சத்தத்தைத்தான் கேட்டேன். அன்னைக்கும் வெயிலுதான்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை, தம்பி. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், பதில் சொல்வதில் நான் கெட்டிக்காரன். அவள் கேட்டது எனக்கு நினைவிலேயே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஒரு பெண் வந்து கேட்டிருக்கிறாள், சட்டம் பேசி அனுப்பியிருக்கிறேன், மறந்தும்விட்டேன். என் மகனுக்கு ஒரு சட்டம், அவள் மகளுக்கு ஒரு சட்டம். இது என் வாய்க்கு வந்த சிரிப்பையெல்லாம் ஒரே அடியாக அடக்கிவிட்டது.

அன்றைக்கே ஆபீஸுக்குப் போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியவர்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். கங்காணி வேலை போனால் மறுபடி வெட்டுக்கத்தி எடுக்கிறேன். உங்கம்மாவின் பக்கத்து மரங்களைக் கொடுத்தால் அவளுக்கு ஏச வசதியாக இருக்கும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே, அதற்காகப் பாட்டைப் பெட்டிக்குள் வைக்கவும் வேண்டாம். நான் கத்தியது என் மானத்துக்குப் பயந்து. நீ எடுத்தது என் மேல் இருந்த பாசத்தில். உன் பக்கம்தான் கனம் கூட.

பாட்டைத் திருப்பிப் போடு. ஆனால் இருந்த மாதிரியே போடாதே. அதில் நான் நல்ல அப்பனாக மட்டும் இருக்கிறேன். அது பாதிதான். சாயங்காலம் அந்த அம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வாங்க என்றாள். பிளேன்ட்டீ கொடுத்தாள். "நீ சொன்னதை என் மகன் பாட்டுல சேக்கலாமா?" என்று கேட்டேன். கோப்பையைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "என்னைப் பத்தி என்னத்துக்கு? எம் புள்ள பேரைப் போடச் சொல்லுங்க. அவ அங்க போன்ல பாட்டுக் கேப்பா. நான் வராம இருந்தது ஏன்னு இன்னும் அவளுக்குத் தெரியாது" என்றாள்.

இரண்டு வரி போதும். இன்னொரு வெயில் நாள், அன்றைக்கு அப்பா அடிக்கவில்லை, அவளுடைய அம்மா ஓடிவரவில்லை, பஸ் நேரத்துக்கு வந்தது என்று சொல். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் ஸ்டூடியோக்காரரிடம் இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை கேள். கசுனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அந்தப் பிள்ளையின் பேர் புவனா.

அப்பா